சீட்டு மேசை சுமந்த கபடி அணி: மதுரைப் பக்கத்து மன்றம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையை ஒட்டிய ஓர் ஊரில், 1990களின் நடுவில் பத்துப் பதினைந்து இளைஞர்கள் சேர்ந்து ஒரு கபடி அணியைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் அதை விளையாட்டு மற்றும் மனமகிழ் மன்றமாகப் பதிவு செய்தார்கள். 2018-19 கணக்காண்டில் அந்த மன்றத்தின் மொத்த வரவு சுமார் 9 லட்சம் ரூபாய். அதில் 7 லட்சத்து 20 ஆயிரம் ரம்மி மேசைகளிலிருந்து வந்தது. 2022இல் பொதுக்குழு இரண்டாகப் பிளந்தது. கபடிக்காரர்கள் வெளியேறித் தனிச் சங்கம் தொடங்கினார்கள்.

பிளவுக்கு முன்பு கணக்கைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி இரு தரப்பும் என்னைக் கேட்டன. நான் அந்த வட்டாரத்தில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரு தரப்பிலும் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். மன்றத்தின் பெயர், ஊரின் பெயர், ஆட்களின் பெயர் எதையும் இங்கே எழுதவில்லை. சிறுவர்களும் குடும்பங்களும் சம்பந்தப்பட்ட விஷயம் இது. ஆனால் இதை எழுதாமல் விடவும் மனம் ஒப்பவில்லை. இதே நிலைமையில் இருக்கும் விளையாட்டு மன்றங்கள் மதுரையைச் சுற்றி இன்னும் இருக்கின்றன. அவற்றின் நிர்வாகிகள் நல்லவர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மேசை வந்த வழி

தொடக்க ஆண்டுகளில் மன்றத்துக்கு வருமானம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பொங்கலையொட்டி மின்னொளி கபடிப் போட்டி நடத்துவார்கள். கலந்துகொள்ளும் அணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள். முதல் பரிசு ஒருவர், இரண்டாம் பரிசு ஒருவர், சுழற்கோப்பை ஒருவர் என்று ஊர்ப் பெரியவர்களும் கடைக்காரர்களும் ஏற்றுக்கொள்வார்கள். அவர்கள் படத்தை நோட்டீஸில் போடுவார்கள். போட்டி முடிந்ததும் பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பாக்கி நிற்கும். அடுத்த மூன்று மாதம் அதை அடைப்பதிலேயே போகும். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலுக்குப் பரிசு கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கபடிக்கு அப்படி நிற்பதில்லை.

2000களின் நடுவில் மன்றத்துக்கு ஒரு கட்டடம் கிடைத்தது. மாலையில் மூத்த உறுப்பினர்கள் அங்கே கூடிக் காசு வைக்காமல் சீட்டு ஆடினார்கள். பிறகு தேநீர்ச் செலவுக்கென்று ஆளுக்கு ஐந்து ரூபாய் எடுத்து வைத்தார்கள். அப்புறம் தோற்றவர் கையில் நிற்கும் பாயிண்டுக்கு இவ்வளவு என்று பணம் வந்தது. கூடவே நாற்காலிக் கட்டணமும் வந்தது. இந்த மாற்றம் நடந்த தேதி எந்தத் தீர்மானத்திலும் இல்லை. ஒரு பக்கத்தில் 'தேநீர் நிதி' என்றிருந்த வரவுத் தலைப்பு, அடுத்த ஆண்டு 'மேசைக் கட்டணம்' ஆகியிருக்கிறது. அவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு அல்ல இது.

மன்றத்து ரம்மியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் 'சட்டப்படி சரி' என்ற ஒரு வரியைக் கேட்டே பல நிர்வாகிகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். செகந்திராபாத்தில் இருந்த ஒரு மனமகிழ் மன்றத்தின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சத்தியநாராயணா வழக்கு என்று 1968ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. சீட்டுக்கும் இடத்துக்கும் மன்றம் நியாயமான கட்டணம் வாங்குவதை லாபம் பார்ப்பதாகக் கருத முடியாது என்றும் சொன்னது. அதே தீர்ப்பில் இன்னொரு பாதியும் உண்டு: பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றம் லாபம் அடைகிறது என்பதற்குச் சான்று இருந்தால் குற்றம் நிலைக்கும். நான் பேசிய நிர்வாகிகள் அனைவருக்கும் முதல் பாதி மனப்பாடம். இரண்டாம் பாதியைக் கேள்விப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

நாற்காலியின் விலை

2016 வரை எல்லா மேசைக்கும் ஒரே கட்டணம். அதற்குப் பிறகு மேசைகள் இரண்டு வகையாயின. பாயிண்டுக்கு 1 ரூபாய் மேசையில் உட்கார 30 ரூபாய். பாயிண்டுக்கு 5 ரூபாய் மேசையில் உட்கார 100 ரூபாய். நாற்காலி ஒன்றுதான், மின்விசிறி ஒன்றுதான், சீட்டுக்கட்டும் ஒரே கடையில் வாங்கியதுதான். ஒரு நாற்காலிக்கு 30, இன்னொன்றுக்கு 100 என்றால், மன்றம் இடத்துக்கு வாடகை வாங்கவில்லை, பந்தயத்தில் பங்கு வாங்குகிறது என்றுதான் பொருள். என் பார்வையில் மன்றம் தடம் மாறிய இடம் இதுதான். அந்தத் தீர்மானம் நிறைவேறிய கூட்டத்தில் பேசியவர்களின் கருத்து பதிவேட்டில் இருக்கிறது. எல்லாருமே கபடி அணியின் தேவையைத்தான் காரணம் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆண்டு கபடி மேட், அதாவது மண்ணுக்குப் பதிலாக விரித்து ஆடும் மெத்தை விரிப்பு, வாங்க வேண்டியிருந்தது.

5 ரூபாய் மேசை என்றால் என்ன என்று ஆடாதவர்களுக்குத் தெரியாது. பதின்மூன்று சீட்டு ரம்மியில், கையில் வந்த சீட்டைப் பார்த்தவுடன் வேண்டாம் என்று கவிழ்த்தால் 20 பாயிண்ட், அதாவது 100 ரூபாய். நடுவில் கவிழ்த்தால் 40 பாயிண்ட், 200 ரூபாய். முழுதாக மாட்டினால் 80 பாயிண்ட், 400 ரூபாய். மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து பத்து மணிக்கு எழுந்தால் இருபது ஆட்டத்துக்குக் குறையாது. கை சரியில்லாத ஒரு நாளில், ஒரு கொத்தனாரின் ஒரு வாரக் கூலி நான்கு மணி நேரத்தில் போய்விடும். மன்றத்துக்கு அதில் கிடைப்பது 100 ரூபாய். மிச்சம் பக்கத்து நாற்காலிக்காரரின் பைக்குப் போகும்.

மேசைவாரியாக எழுதிய சிட்டைகள் கிடைத்ததால் இன்னொன்றும் கணக்கிட முடிந்தது. மேசை வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 5 ரூபாய் மேசைகளிலிருந்து வந்தது. அந்த மேசைகளில் தவறாமல் உட்கார்ந்தவர்கள் சுமார் இருபது பேர். ஆக, ஓர் ஊரின் கபடி அணியை ஊர் சுமக்கவில்லை, மன்றமும் சுமக்கவில்லை. இருபது பேர் வாரத்தில் ஐந்தாறு மாலைகள் அதே நாற்காலிக்குத் திரும்பி வந்ததால்தான் அது நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் வருடக் கணக்கில் பார்த்தால் தோற்றவர்கள்.

சின்ன ஊர் என்பதால் அமைந்த விசித்திரம் அல்ல இது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1956இல் மன்றங்களில் சூதாட்ட இயந்திரங்களை அனுமதித்தது. அங்கே ரக்பி லீக் மன்றங்கள் அந்த வருமானத்தில்தான் பெரிய கட்டடங்களாக எழுந்தன. 2010இல் அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் ஒரு மதிப்பீடு தந்தது: அந்த இயந்திரங்களில் செலவாகும் பணத்தில் சுமார் 40 சதவீதம், ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு இழந்தவர்களின் பணம். அவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதி. இயந்திரமானாலும் சீட்டு மேசையானாலும், பலர் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதுபோல வெளியே தெரியும். கணக்கைப் பிரித்தால் சிலரின் பெரும் நஷ்டம்தான் தூணாக நிற்கும்.

பணம் போன வழி

கபடி அணியின் ஓராண்டுச் செலவு, அதாவது ஜெர்சி, காலணி, வேன் வாடகை, வெளியூர்ப் போட்டிகளின் நுழைவுக் கட்டணம், சாப்பாடு, காயத்துக்கு மருத்துவம் எல்லாம் சேர்த்து, சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். மின்னொளிப் போட்டிக்கு 2 லட்சத்து 60 ஆயிரம். மீதி சுமார் 4 லட்சத்து 90 ஆயிரம் கட்டடத்துக்கே போனது: குளிர்சாதனம், மின்கட்டணம், காவலாளி சம்பளம், பெரிய தொலைக்காட்சி, தேநீர், பிறகு 'இதர'. மேசை அறை தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள வரவில் பாதியை எடுத்துக்கொண்டது. கபடிக்காக மேசை என்று தொடங்கிய ஏற்பாடு, மேசைக்காக மேசை என்று ஆகிவிட்டிருந்தது.

நியூசிலாந்தில் மதுக்கூடங்களில் உள்ள சூதாட்ட இயந்திரங்களின் வருமானத்தில் குறைந்தது 40 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குத் திருப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அதில் பெரும் பங்கு விளையாட்டுக்குப் போகிறது. இதைக் காட்டி, 'நாங்களும் கிட்டத்தட்ட அவ்வளவு கொடுத்தோமே' என்று மன்றத்தின் பொருளாளர் என்னிடம் சொன்னார். மின்னொளிப் போட்டியையும் சேர்த்தால் அவர் சொல்வது சரி. சேர்க்கலாமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். கடைசி நான்கு ஆண்டுகளில் அந்தப் போட்டியின் பெரிய பரிசுகளை வென்றவை, சம்பளத்துக்கு ஆள் பிடித்து வந்த வெளிமாவட்ட அணிகள். உள்ளூர்ப் பையன்கள் முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ வெளியேறினார்கள். பிறகு வந்தவர்களுக்குப் பந்தி பரிமாறினார்கள். முதல் பரிசுத் தொகை ஆண்டுதோறும் ஏறியது. பக்கத்து ஊர் 50 ஆயிரம் கொடுத்தால் இங்கே 60 ஆயிரம் கொடுக்க வேண்டும். அந்தப் பத்தாயிரத்துக்கு இன்னும் நூறு நாற்காலிகள் நிரம்ப வேண்டும். இப்படித்தான் தேவை வளர்ந்தது. பணம் இருந்ததால் செலவு வந்தது, செலவு வந்ததால் பணம் விட முடியாததாகிவிட்டது.

வெளியே யாருக்கும் தெரியாமல் இன்னொரு மாற்றமும் நடந்தது. உறுப்பினர் அல்லாதவர் மன்றத்துக்குள் சீட்டு ஆடினால் காவல்துறையிடம் பதில் சொல்ல வேண்டி வரும். அதனால் ஆட வருபவர்களையெல்லாம் உறுப்பினராக்கினார்கள். உறுப்பினருக்குப் பொதுக்குழுவில் ஓட்டு உண்டு. 2019இல் 120 உறுப்பினர்களில் கபடி ஆடியவர்கள், ஆடுபவர்கள், பயிற்சி கொடுப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து 34 பேர். கபடிக்காகத் தொடங்கிய மன்றத்தில் கபடி சிறுபான்மை ஆகிவிட்டது. வருமானம் எங்கிருந்து வருகிறதோ அங்கே அதிகாரமும் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் உறுப்பினர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணும் வரை அது இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பயிற்சியாளரே நினைக்கவில்லை.

ஒரு மனு

2019 ஆடியில் ஒரு பெண் மன்றத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார். கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதிய மனு தீர்மானப் பதிவேட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. அவருடைய கணவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் தரகு வியாபாரம் செய்தவர். மல்லிகை விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணம் நாள்தோறும் அவர் கையில் புழங்கும். 5 ரூபாய் மேசையில் அவருக்கு நிரந்தர இடம். மனுவில் இருப்பது நான்கே வரிகள். விவசாயிகள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறார்கள், நகை அடகில் இருக்கிறது, அவரை மேசையில் உட்கார அனுமதிக்க வேண்டாம், என் மகன் உங்கள் அணியில் ஆடுகிறான். கடைசி வரிக்குக் கீழே கையெழுத்து.

மகனுக்கு அப்போது பதினாறு வயது. அணியின் நம்பிக்கையான ரைடர், அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிச் செல்பவன். கோட்டைத் தொட்டுத் திரும்பும் வேகத்தில் அவனுக்கு ஈடாக அந்த வட்டாரத்தில் அன்றைக்கு வேறு பையன் இல்லை. இதை நான் பாசத்தில் சொல்லவில்லை, பார்த்துச் சொல்கிறேன்.

மனுவுக்கு அடுத்த பக்கத்தில் நிர்வாகக் குழுவின் முடிவு இருக்கிறது: 'உறுப்பினரின் குடும்ப விவகாரத்தில் மன்றம் தலையிட இயலாது.' செயலாளர் கையெழுத்திட்டிருக்கிறார்.

அந்தச் செயலாளரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. மனு கொடுத்த வாரத்திலேயே தன் கைப்பணத்தில் அந்த வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பியவர் அவர். பையனின் பள்ளிக் கட்டணத்தையும் கட்டியிருக்கிறார். 'பிறகு ஏன் அவரை நிறுத்தவில்லை?' என்று கேட்டேன். 'அவரை நிறுத்தினால் அந்த மேசையே கலைந்துவிடும், சார். அவருக்காகத்தான் மற்ற நாலு பேர் வருகிறார்கள்' என்றார். மழுப்பவில்லை, நேராகச் சொன்னார்.

இந்த ஆய்வில் நான் பார்த்த கணக்குகள், தீர்மானங்கள், சிட்டைகள் எல்லாவற்றையும்விட இந்தப் பதில்தான் முக்கியம். விளையாட்டு மன்றம் சூதாட்ட வருமானத்தை நம்பலாமா என்ற கேள்வியைப் பலர் பணம் சுத்தமா, அசுத்தமா என்று பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மிக அதிகமாகத் தோற்பவர் நாளை முதல் ஆடமாட்டேன் என்று சொன்னால் மன்றம் சந்தோஷப்படுமா, கவலைப்படுமா? கவலைப்படும் நிலைக்கு வந்த மன்றம், தன் உறுப்பினரைக் காப்பாற்றும் தகுதியை இழந்துவிட்டது. நல்ல மனிதர் செயலாளராக இருந்தாலும் அது மாறாது. அரிசி மூட்டை அனுப்ப அவரால் முடிந்தது. கதவை அடைக்க முடியவில்லை.

பையன் சில மாதங்களில் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான். கணுக்கால் வலி என்று சொன்னான். தன் காலணியும் தன் வேன் செலவும் எந்த மேசையிலிருந்து வருகின்றன என்று அவனுக்குத் தெரியும் என்பதைப் பயிற்சியாளர் வெகு நாள் கழித்தே புரிந்துகொண்டார்.

மன்றத்தின் தரப்பு

மன்றத்தின் தரப்பு வாதங்களில் கனமானவையும் இருக்கின்றன. அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

'இங்கே ஆடாவிட்டால் தோப்பில் ஆடுவார்கள்' என்பது முதல் வாதம். உண்மை. தோப்பில் நடப்பது ரம்மி கூட இல்லை, வெட்டுச்சீட்டு. ஒரே வெட்டில் ஆயிரக்கணக்கில் போகும். அடிதடி நடக்கும், காவல்துறை வரும். மன்றத்தில் பாயிண்டுக்கு வரம்பு உண்டு, பத்து மணிக்கு விளக்கை அணைப்பார்கள், கடனுக்கு ஆட விடமாட்டார்கள். அதனால் மன்றம் தோப்பைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்பான இடம் என்று பெருமைப்படும் மன்றத்துக்கு, ஆபத்தில் இருப்பவரை வெளியே நிறுத்தும் விதி முதலில் வேண்டும். மனைவியோ மகனோ எழுதிக் கொடுத்தால் மூன்று மாதம் மேசைக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். 2019 வரை அப்படி ஒரு வரி இல்லை. மனு வந்த பிறகும் சேர்க்கவில்லை.

இரண்டாவது வாதம்: எந்தப் பணம் யோக்கியமானது? மின்னொளிப் போட்டிக்குப் பரிசு கொடுத்தவர்களில் வட்டிக்கு விடுபவர் உண்டு, மணல் அள்ளுபவர் உண்டு, மதுக்கூடம் நடத்துபவர் உண்டு. அவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு சீட்டுப் பணத்தை மட்டும் ஒதுக்குவது என்ன நியாயம்? பேராசிரியர்கள் கேட்டாலும் பதில் சொல்லத் திணற வேண்டிய கேள்வி இது. என் பதில் இதுதான். பரிசு கொடுக்கும் வட்டிக்காரர் அந்தக் கடனை மன்றத்தின் கூரைக்குக் கீழே, மன்றத்தின் நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுப்பதில்லை. அவரிடம் யார் கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் மன்றத்தின் வரவு மாறாது. சீட்டு மேசையில் மன்றமே கடைக்காரர், தோற்பவர் மன்றத்தின் சொந்த உறுப்பினர். இந்த வேறுபாடு எல்லாச் சங்கடத்தையும் தீர்த்துவிடாது. வட்டிக்காரர் படத்தை நோட்டீஸில் போடுவதும் எனக்குப் பிடித்தமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாவது வாதம் பெரிய இடங்களைக் காட்டுவது. 2020இல் ஐ.பி.எல். போட்டியின் பெயரிலேயே, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு நிறுவனமான ட்ரீம்11 இருந்தது. அதற்கு 222 கோடி ரூபாய் கொடுத்தார்கள். 2023 முதல் இந்திய அணியின் ஜெர்சியிலும் அதே பெயர், 358 கோடிக்கு. 'இந்தியாவே போட்டுக்கொள்ளும்போது எங்கள் நாலு மேசை பெரிதா?' என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்த ஜெர்சியின் கதை பிறகு எப்படிப் போனது என்பதைப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்தது. ட்ரீம்11 ஒப்பந்தத்திலிருந்து விலகியது. அடுத்த மாதமே அப்பல்லோ டயர்ஸ் 579 கோடிக்கு வந்தது. அந்தப் பணம் இல்லாவிட்டால் கிரிக்கெட் தள்ளாடிவிடும் என்ற பேச்சு சில வாரங்கள்கூட நிற்கவில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து மன்றங்களும் 2025-26 பருவத்தின் முடிவோடு சட்டையின் முன்பக்கத்திலிருந்து சூதாட்ட நிறுவனங்களை எடுத்துவிட 2023இல் ஒப்புக்கொண்டன. கைப்பகுதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நார்த் மெல்போர்ன் கால்பந்து மன்றம் 2008இலேயே சூதாட்ட இயந்திரங்களைக் கைவிட்டது. அது பணக்கார மன்றம் அல்ல.

ஆனாலும் எங்கள் ஊர் கபடிக்கு அப்பல்லோ டயர்ஸ் வராது. மேலே நடப்பதைக் காட்டிக் கீழே இருப்பவர்களுக்குப் புத்தி சொல்வது நேர்மை ஆகாது. கீழே மாற்று என்ன என்பதற்குக் கீழேதான் பதில் தேட வேண்டும்.

ஊரடங்கு

2020 மார்ச் இறுதியில் மன்றம் பூட்டப்பட்டது. மேசை வருமானம் ஒரே நாளில் நின்றது. காவலாளிக்கும் மின்கட்டணத்துக்கும் இருப்பிலிருந்து கொடுத்தார்கள். கபடிக்கு எதுவும் இல்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்து பக்கத்து ஊர்களில் பையன்கள் கண்மாய்க் கரையிலும் தரிசு நிலத்திலும் கோடு போட்டு ஆடத் தொடங்கியபோது, இந்த ஊர் அணி ஆடவில்லை. மேட் அறைக்குள் இருந்தது, அறை பூட்டியிருந்தது. மண்ணில் ஆடப் பையன்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கபடிக்கு வேண்டியது பதின்மூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் உள்ள தரை மட்டுமே. அந்தத் தரையையும் மேசையை நம்பி இழந்திருந்தார்கள்.

அதே மாதங்களில் மேசைக்காரர்கள் கைபேசியில் ஆடும் இணைய ரம்மிக்கு மாறினார்கள். 2020 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இணைய ரம்மியை ஒழுங்குபடுத்த வேண்டிய அவசியத்தைப் பேசியது. நவம்பரில் அதே கிளை, இத்தகைய விளம்பரங்களில் தோன்றிய விராட் கோலி, சௌரவ் கங்குலி உள்ளிட்டோருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்த மாதமே தமிழக அரசு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு சட்டமாக்கியது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்து 2022இன் சட்டமும் அதன் மீதான வழக்கும் வந்தன.

ரத்தான அந்த இடைவெளியில் ஒரு முகவர் மன்றத்துக்கு வந்தார். ஏதோ ஒரு செயலியின் பெயரை ஜெர்சியில் போட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு அணியின் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னார். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை சம்மதித்தது. பயிற்சியாளர் எழுந்து, அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஒரு பையனும் களம் இறங்கமாட்டான் என்றார். பிளவு அந்தக் கூட்டத்திலேயே தொடங்கிவிட்டது. 2022இல் பொதுக்குழு கூடியது அதை ஏட்டில் எழுதத்தான்.

பிரிந்த பிறகு

நான் கொடுத்த அறிக்கையில் மூன்று யோசனைகள் இருந்தன. எல்லா மேசைக்கும் ஒரே கட்டணம் வைத்து, அதை இடச்செலவுக்கு மேல் போகாமல் நிறுத்துவது. குடும்பத்தார் மனு கொடுத்தால் மேசை அனுமதியை நிறுத்தும் விதியைச் சேர்ப்பது. கபடிக் கணக்கைத் தனி வங்கிக் கணக்காக்கி, மேசைப் பணம் ஒரு ரூபாய்கூட அதில் சேராமல் பார்த்துக்கொள்வது. பொதுக்குழு மூன்றையும் தோற்கடித்தது. யார் எண்ணிக்கையில் அதிகம் என்பதை முன்பே சொல்லிவிட்டேன். மறு மாதம் முப்பது பேர் விலகித் தனிச் சங்கம் பதிவு செய்தார்கள். துணைவிதியில் 'பணம் வைத்து ஆடும் எந்த ஆட்டத்திலிருந்தும், அதன் விளம்பரத்திலிருந்தும் சங்கம் வருமானம் பெறக் கூடாது' என்று எழுதிக்கொண்டார்கள்.

புதிய சங்கத்தின் கணக்கு எளிமையானது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் பழைய ஆட்டக்காரர்கள் மாதம் ஒரு தொகை அனுப்புகிறார்கள். ஊரில் இருப்பவர்கள் மாதம் நூறு ரூபாய் கொடுக்கிறார்கள். வேனில் பக்கத்து ஊர் அணியோடு சேர்ந்து போகிறார்கள். மின்னொளிப் போட்டி இரண்டு ஆண்டுகள் நடக்கவில்லை. பிறகு பகல் போட்டியாக, வட்டார அணிகளுக்கு மட்டும், சிறிய பரிசுகளோடு நடந்தது. வெளியிலிருந்து சம்பளத்துக்கு ஆள் கொண்டுவரக் கூடாது என்று நிபந்தனை. உள்ளூர் அணி அரையிறுதி வரை போனது.

இழப்பும் இருக்கிறது. மாவட்டத் தேர்வுப் போட்டிகள் மேட்டில் நடக்கின்றன. மண்ணில் பழகியவனுக்கு மேட்டில் கால் நிற்காது, காலணியும் வேறு. அதனால் திறமையான இரண்டு பையன்கள் மேட் உள்ள வேறு அணிக்குப் போய்விட்டார்கள். பழைய மன்றத்தினர் இதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். சொல்லிக் காட்டுவதில் உண்மை இருக்கிறது. சூதாட்டப் பணத்தை விட்டவர்கள் எதையும் இழக்கவில்லை என்று எழுத என்னால் முடியாது. ஆறு மாதம் முன்னால் மாநில முகாமுக்குப் போயிருக்க வேண்டிய ஒரு பையன் போகவில்லை. அவனுடைய ஆண்டு அது, திரும்ப வராது. கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் கொடுக்கும் அரசு, ஒன்றியத்துக்கு ஒரு பொது மேட் வைத்து முறை போட்டுக் கொடுத்தால், இப்படிப்பட்ட சங்கங்கள் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. இதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு மனுவாகவும் எழுதியிருக்கிறோம்.

மேட் பழைய மன்றத்திடமே இருக்கிறது. அங்கே இப்போது ஆட ஆள் இல்லை. சென்ற ஆண்டு அதன் செயலாளர், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று புதிய சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார். சங்கத்துக்குள் கடும் வாக்குவாதம் நடந்தது. சீட்டுப் பணத்தில் வாங்கிய மேட்டில் கால் வைக்கமாட்டோம் என்றார்கள் சிலர். என்னைக் கேட்டபோது, எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அந்தப் பணம் தோற்று முடிந்த பணம். மேட்டை விரித்து ஆடுவதற்கு இனி யாரும் புதிதாகத் தோற்க வேண்டியதில்லை. ஆனால் இலவசமாக வாங்காதீர்கள், வாடகை கொடுத்து ரசீது வாங்குங்கள், மன்றத்தின் பேனர் எதுவும் கட்டாதீர்கள் என்றேன். அப்படியே தீர்மானம் போட்டார்கள். தேர்வுக் காலத்தில் மட்டும், நாள் வாடகைக்கு, ஒரு குட்டியானை வண்டியில் மேட் வந்து போகிறது. மூன்று பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களில் ஒருவன் பூ வியாபாரியின் மகன். இப்போது அவன்தான் சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறான். தன் எதிர்ப்பைக் காரணத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும் என்று கேட்டான், எழுதியிருக்கிறார்கள்.